வீட்டைச் சோதனை போட்ட போலீஸின் காகிதம் யார்கிட்ட இருக்கு?

போன எபிசோடில் ஆர்.டி.ஐ. பற்றிப் பேசினதுக்கு அப்புறம் நிறைய மெயில் வந்தது. அதில் ஒன்றுக்கு ரெண்டு வரியில் பதில் போட முடியலை, அதனால் தனி எபிசோடு.

எழுதினவர் சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருக்கார். நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஃப்ளாட். ரூம்மேட் ஒருத்தர் மேல பண மோசடிப் புகார். ஒரு நாள் சாயங்காலம் போலீஸ் வந்து ஃப்ளாட் முழுக்கச் சோதனை போட்டாங்க. ரூம்மேட்டோட பொருட்களோட சேர்த்து இவரோட ஆபீஸ் லேப்டாப்பும் போயிடுச்சு. கையில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கொடுக்கலை. இப்போ ஆபீஸில் ஹெச்.ஆர். தினமும் கேட்கிறாங்களாம், "போலீஸ்தான் எடுத்தாங்கன்னு எப்படி நம்பறது?" என்று. அவர் என்கிட்ட கேட்டது: "சர்ச் வாரண்ட் காப்பியை ஆர்.டி.ஐ. போட்டு வாங்கலாமா?"

நான் வக்கீல் இல்லை, கோடு எழுதுறவன். டாக்குமென்டேஷன் படிக்கிற மாதிரி சட்டத்தைப் பிரிவு பிரிவாப் படிச்சுட்டுப் பேசறேன். உங்க கேஸ்னு வரும்போது ஒரு வக்கீலைப் பாருங்க. காசு பிரச்சினைன்னா, கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், அங்கே போய்க் கேளுங்க.

சரி. வாரண்ட் காப்பி கேட்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: வாரண்ட் என்று ஒன்று இருந்துதா?

சினிமாவில் ஹீரோ "வாரண்ட் இருக்கா?" என்று கேட்பார், இன்ஸ்பெக்டர் பாக்கெட்டில் இருந்து எடுத்து நீட்டுவார். நிஜத்தில் வாரண்டே இல்லாமல், சட்டப்படியே சோதனை போட போலீஸுக்கு வழி இருக்கு. 2024 ஜூலை 1ஆம் தேதியில் இருந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கு. சுருக்கமா பி.என்.எஸ்.எஸ். அதில் 96ஆவது பிரிவு, கோர்ட் சர்ச் வாரண்ட் கொடுக்கிறது பற்றி. 185ஆவது பிரிவு வேற. ஒரு வழக்கை விசாரிக்கிற போலீஸ் அதிகாரி, தேவையான பொருள் ஒரு இடத்தில் இருக்குன்னு நம்பினா, வேற வழியில் வாங்கப் போனா ரொம்பத் தாமதம் ஆகும்னு நினைச்சா, கோர்ட்டுக்குப் போகாமலே சோதனை போடலாம். பழைய சட்டத்தில் இது 165. எந்தத் தேதியில் சோதனை நடந்ததுன்னு பார்த்துட்டு சரியான நம்பரைப் போடுங்க.

ஆனா 185இல் ஒரு நிபந்தனை இருக்கு. கதவைத் தட்டும் முன்னாடி, எதனால் இங்கே தேடணும்னு நினைக்கிறேன், என்ன பொருளைத் தேடப் போறேன் என்று அந்த அதிகாரி எழுத்தில் பதிவு பண்ணணும். டேட்டாபேஸ் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு இது உடனே புரியும். ரைட்-அஹெட் லாக். முதலில் லாகில் எழுது, அப்புறம்தான் டேட்டாவைத் தொடு. பின்னாடி என்ன கலாட்டா ஆனாலும், தொடுறதுக்கு முன்னாடி என்ன நினைச்சே என்பது அதில் இருக்கும்.

அதனால் நம்ம நேயர் தேட வேண்டியது அநேகமா வாரண்ட் இல்லை, அந்த லாக். "வாரண்ட் காப்பி கொடுங்க" என்று ஆர்.டி.ஐ. போட்டா, "அப்படி ஆவணம் எதுவும் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும். அது பொய்யும் இல்லை. முப்பது நாள் காத்திருந்து ஒரு நல் பாயிண்டர் வாங்கின மாதிரி.

என்னென்ன காகிதம் இருக்கணும்னு பார்ப்போம். ஒன்று, இப்போ சொன்ன காரணக் குறிப்பு. வாரண்டோட வந்திருந்தா அதுக்குப் பதிலா வாரண்ட், அதைக் கேட்டு போலீஸ் கோர்ட்டில் போட்ட மனு. அடுத்தது, கைப்பற்றின பொருட்களோட பட்டியல். நம்ம ஊரில் மகஜர்னு சொல்வாங்க. 103ஆவது பிரிவுப்படி அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கில் சம்பந்தம் இல்லாத, குறைந்தது ரெண்டு சாட்சிகளை வெச்சுத்தான் சோதனை போடணும். எந்தப் பொருள் எந்த இடத்தில் கிடைச்சதுன்னு எழுதி அவங்க கையெழுத்து வாங்கணும். அந்த இடத்தில் குடியிருக்கிறவர், அல்லது அவர் சார்பா ஒருத்தர், கூடவே இருந்து பார்க்கலாம். பட்டியலோட காப்பியை அவர்கிட்டக் கொடுக்கணும். அதுக்கு மனுவும் வேண்டாம், ஃபீஸும் வேண்டாம். ஹெச்.ஆர். கேட்கிற ஆதாரம் இதுதான்.

இன்னொன்று புதுசா வந்தது: வீடியோ. 105ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும், பட்டியல் எழுதி சாட்சிகள் கையெழுத்துப் போடுறது உட்பட, ஆடியோ வீடியோவில் பதிவு பண்ணணும்னு சொல்லுது. மொபைல் போனிலேயே எடுக்கலாம். எடுத்ததைத் தாமதம் இல்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பணும். அதனால் 2024 ஜூலைக்கு அப்புறம் நடந்த சோதனைன்னா, "ரெக்கார்டிங் எங்கே?" என்பது நியாயமான கேள்வி.

நேயரோட கேள்விக்கு நேரடிப் பதில் 185இன் கடைசி உட்பிரிவில் இருக்கு. எனக்கு இந்தச் சட்டத்திலேயே ரொம்பப் பிடிச்ச வரி அது. காரணக் குறிப்போட காப்பியை உடனே, அதிகபட்சம் 48 மணி நேரத்துக்குள், பக்கத்து மாஜிஸ்திரேட்டுக்கு போலீஸ் அனுப்பணும். சோதனை போட்ட இடத்தோட உரிமையாளரோ குடியிருக்கிறவரோ மனு போட்டா, மாஜிஸ்திரேட் அதோட காப்பியை இலவசமாக் கொடுக்கணும்.

குடியிருக்கிறவர்னா வாடகைக்கு இருக்கிறவரும்தான். வழக்கில் நீங்க குற்றம் சாட்டப்பட்டவரா இருக்கணும்னு அவசியம் இல்லை. ஹவுஸ் ஓனர்தான் வரணும்னும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் உங்க பேர் இருந்தா அதை மனுவோட இணைச்சுடுங்க. பேர் இல்லாமல் பேயிங் கெஸ்ட் மாதிரி இருக்கிறவங்க, அந்த முகவரிக்கு வந்த கேஸ் பில், பேங்க் லெட்டர் ஏதாவது வையுங்க.

இங்கே ஒரு முடிச்சு இருக்கு. புதுச் சட்டம் அந்தக் காரணத்தைக் கேஸ் டைரியில் எழுதச் சொல்லுது. கேஸ் டைரின்னா விசாரணை அதிகாரி நாள் நாளா எழுதுற குறிப்பு. குற்றம் சாட்டப்பட்டவர் அதைக் கேட்டு வாங்க முடியாதுன்னு 192ஆவது பிரிவு சொல்லுது. அதனால் ஸ்டேஷனில் போய்க் கேட்டா, "அது கேஸ் டைரி, யாருக்கும் தர முடியாது" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். முழு டைரியைப் பொறுத்தவரை அது சரியான பதில். ஆனா சோதனைக்கான காரணம் எழுதின அந்தப் பகுதிக்கு 185 தனியா ஒரு வாசல் வெச்சிருக்கு. என் பார்வையில், பொது விதிக்கு எதிரா சட்டமே வெளிப்படையா எழுதின விலக்கு இது. மனுவில் "கேஸ் டைரி வேண்டும்" என்று எழுதாதீங்க. "இந்தத் தேதியில் இந்த முகவரியில் நடந்த சோதனை தொடர்பாக பிரிவு 185(5)இன் கீழ் பதிவின் நகல்" என்று எழுதுங்க.

ஆக, அவருக்கு முதல் கதவு ஆர்.டி.ஐ. இல்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்.

அந்த கோர்ட்டிலேயே ஆர்.டி.ஐ. போடலாமேன்னு சிலர் கேட்பீங்க. அந்த வழி நடைமுறையில் அடைபட்டுப் போச்சு. 2020 மார்ச்சில், குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு: வழக்கு சம்பந்தமான கோர்ட் ஆவணம் வேணும்னா கோர்ட் விதிகள்படி நகல் மனு போடுங்க, ஆர்.டி.ஐ. வேண்டாம். வழக்கில் சம்பந்தம் இல்லாத மூன்றாம் நபரா இருந்தா, எதுக்கு வேணும்னு காரணம் சொல்லணும். ஆர்.டி.ஐ.யில் காரணமே சொல்ல வேண்டாம், 6(2) அப்படித்தான் சொல்லுது. அதனால் ஒரே காகிதம் ஸ்டேஷனில் இருந்தா ஒரு விதி, கோர்ட் கட்டில் இருந்தா இன்னொரு விதி. காகிதத்தில் என்ன எழுதியிருக்கு என்பதைவிட, அது எந்த அலமாரியில் இருக்கு என்பதுதான் முடிவு பண்ணுது. எனக்கு இது அநியாயமாத்தான் படுது. ஆனா இன்றைக்கு நிலைமை இதுதான்.

அப்போ ஆர்.டி.ஐ. எதுக்கு? போலீஸ் கையில் இருக்கிற மத்த தடயங்களுக்கு. நான் இதை மெட்டாடேட்டான்னு சொல்வேன். உள்ளே என்ன எழுதியிருக்குன்னு கேட்காமல், எப்போ எழுதினாங்க, எப்போ அனுப்பினாங்கன்னு கேட்கிறது. அந்த மனுவோட நடுப்பகுதி இப்படி இருக்கலாம்: "மேற்கண்ட தேதியில் மேற்கண்ட முகவரியில் நடத்தப்பட்ட சோதனை தொடர்பாக, நிலைய ஜெனரல் டைரியில் அலுவலர்கள் புறப்பட்டதும் திரும்பியதும் குறித்த பதிவுகளின் நகல்; சோதனைப் பதிவு மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பப்பட்ட கடிதத்தின் நகல், அது பதிவான அனுப்புகைப் பதிவேட்டின் பக்க நகல்; கைப்பற்றிய பொருட்களின் பட்டியல் நகல்; பிரிவு 105இன்படி எடுக்கப்பட்ட ஒளிப்பதிவு மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பப்பட்ட தேதி."

இதில் ஒரு இடத்தில்கூட "ஏன்" இல்லைன்னு கவனிச்சீங்களா? "ஏன் என் லேப்டாப்பை எடுத்தீர்கள்?" என்று கேட்டா, அது தகவல் இல்லை, விளக்கம் கேட்பதுன்னு திருப்பி அனுப்பிடலாம். ஆர்.டி.ஐ. தருவது ஏற்கெனவே இருக்கிற பதிவை மட்டும்தான். புதுசா பதில் எழுதித் தர யாருக்கும் கடமை இல்லை. கோபத்தை எல்லாம் டிராஃப்டில் கொட்டிட்டு, அனுப்புற வெர்ஷனில் பதிவோட பேர், தேதி, முகவரி மட்டும் வையுங்க.

தமிழ்நாட்டில் மனுவுக்கு 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினாப் போதும். உங்க ஸ்டேஷன் எந்த கமிஷனர் அலுவலகம் அல்லது எஸ்.பி. அலுவலகத்துக்குக் கீழ் வருதோ, அங்கே இருக்கிற பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்க. தப்பான ஆபீஸுக்குப் போனாலும் 6(3)இன்படி அஞ்சு நாளில் அவங்களே சரியான இடத்துக்கு மாத்தணும். ஒப்புகையோட ஸ்பீடு போஸ்ட் நல்லது. நேரில் கொடுத்தா உங்க காப்பியில் சீல் வாங்குங்க.

இப்போ பதில் வருதுன்னு வெச்சுக்கங்க. எனக்குத் தெரிஞ்ச போலீஸ் ஆர்.டி.ஐ. பதில்களில் அதிகம் வருகிற வரி: "விசாரணை நிலுவையில் உள்ளதால் பிரிவு 8(1)(எச்)இன் கீழ் தகவல் வழங்க இயலாது." டெம்ப்ளேட். பெரும்பாலானவங்க இங்கே ஃபைலை மூடிடறாங்க. ஆனா அந்தப் பிரிவை முழுசாப் படிச்சுப் பாருங்க. விசாரணை நடக்குதுன்னா தர வேண்டாம்னு அதில் இல்லை. தகவல் கொடுத்தா விசாரணைக்கோ, குற்றவாளியைப் பிடிக்கவோ, வழக்கு நடத்தவோ இடைஞ்சல் ஆகும்னா மட்டும்தான் மறுக்கலாம். 2007 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ரவீந்திர பட் இதைத்தான் சொன்னார். விசாரணை நடந்துட்டு இருக்கு என்பது மட்டுமே மறுக்கக் காரணம் ஆகாது, எப்படி இடைஞ்சல் ஆகும்னு அதிகாரிதான் காட்டணும். 19(5)ஆவது பிரிவும், மறுத்தது சரின்னு நிரூபிக்கிற பொறுப்பை அதிகாரி தலையில்தான் வைக்குது.

மெட்டாடேட்டா கேட்கச் சொன்னதுக்குக் காரணம் இதுதான். சோதனைக்கான காரணத்தைக் கொடுத்தா கூட்டாளிகள் உஷார் ஆயிடுவாங்கன்னு போலீஸ் சொன்னா, சில கேஸில் நியாயமாவே இருக்கும். யார் துப்புக் கொடுத்தாங்கன்னு வெளியே தெரிஞ்சா அவங்க உயிருக்கே ஆபத்து வரலாம், 8(1)(ஜி) அதைத் தனியாவே காக்குது. ஆனா ஒரு கடிதம் எந்தத் தேதியில் அனுப்பினாங்கன்னு சொல்றதால் எந்த விசாரணை கெட்டுப்போகும்? சோதனை செவ்வாய்க்கிழமை, மாஜிஸ்திரேட்டுக்குப் போனது மூணு வாரம் கழிச்சுன்னா, உள்ளே என்ன எழுதியிருந்தாலும் அந்தத் தேதியே பேசும். மறைக்க வேண்டியது இருந்தா அந்த வரியை மட்டும் கறுப்படிச்சுட்டு மீதியைக் கொடுங்கன்னு 10ஆவது பிரிவைக் காட்டிக் கேட்கலாம்.

எல்லா அமைப்புக்கும் இது பொருந்தாது. 24(4)ஆவது பிரிவில் உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு மாநில அரசு விலக்கு கொடுக்கலாம். தமிழ்நாடு அரசு 2008இல் லஞ்ச ஒழிப்புத் துறைக்கே அந்த விலக்கைக் கொடுத்தது. லஞ்ச ஒழிப்புக்கும் உளவுக்கும் என்ன சம்பந்தம்னு நானும் யோசிச்சுட்டுத்தான் இருக்கேன். ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு சம்பந்தமான தகவலுக்கு இந்த விலக்கு செல்லாதுன்னு அதே பிரிவு சொல்லுது. ஆனா மனித உரிமை மீறல்னா மாநிலத் தகவல் ஆணையத்தோட அனுமதி வேணும்.

ஒரு நேயர், "அமெரிக்காவில் இதெல்லாம் ஈஸியாக் கிடைக்குமாமே?" என்று கேட்டிருந்தார். அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனா அடிப்படை வித்தியாசம் ஒன்று இருக்கு. வாரண்ட் கேட்கிற போலீஸ், காரணத்தைச் சத்தியப் பிரமாணமா எழுதி நீதிபதிகிட்டக் கொடுக்கணும். சோதனை முடிஞ்சதும் அந்தக் காகிதங்கள் கோர்ட் ஆவணத்தில் சேரும், சீல் வைக்காத வரை பொதுவாப் பார்க்க முடியும். 2023 ஆகஸ்ட் 11ஆம் தேதி கான்சஸ் மாநிலத்தில் மேரியன் என்ற சின்ன ஊரில், மேரியன் கவுன்ட்டி ரெக்கார்டு பத்திரிகை ஆபீஸையும் அதோட ஆசிரியர் எரிக் மேயர் வீட்டையும் போலீஸ் சோதனை போட்டாங்க. வீட்டில் இருந்த அவரோட அம்மா ஜோன் மேயருக்கு வயசு 98. அடுத்த நாள் இறந்துட்டாங்க. ஊரே கேட்ட கேள்வி, எந்தக் காரணத்தை எழுதி இந்த வாரண்டை வாங்கினீங்க? ஆகஸ்ட் 16ஆம் தேதி அரசு வழக்கறிஞரே, சொல்லப்பட்ட குற்றத்துக்கும் சோதனை போட்ட இடங்களுக்கும் தொடர்பு காட்டப் போதுமான ஆதாரம் இல்லைன்னு சொல்லி, எடுத்த பொருட்களைத் திருப்பிக் கொடுக்க வெச்சார். அக்டோபர் தொடக்கத்தில் போலீஸ் தலைவர் ராஜினாமா. அங்கே எல்லாம் சுத்தம்னு சொல்ல வரலை. எழுதின காரணம் கண் முன்னாடி வந்தப்போ, அதைச் சோதிச்சுப் பார்க்க முடிஞ்சது.

நம்ம ஊரில் அப்படி நடந்தா என்ன ஆகும்? இதில் ஆசை காட்ட விரும்பலை. சோதனை சட்டப்படி நடக்கலைன்னாலும், அதில் கிடைச்ச பொருளை அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் ஆதாரத்தில் இருந்து தூக்கிட முடியாதுன்னு 1973இல் பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கு. அதனால் "காரணம் எழுதலை, கேஸ் காலி" என்று யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா அந்தச் சோதனையை நீதிபதி சந்தேகத்தோட பார்ப்பார், சாட்சியங்களை இன்னும் கவனமா எடை போடுவார். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போறதா இருந்தாலும் இந்தத் தேதிகள்தான் உங்க கையில் இருக்கிற ஆயுதம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் அங்கே புகார் கொடுக்கணும் என்பதை மறக்காதீங்க.

லேப்டாப்பைத் திரும்ப வாங்கிறது தனி வேலை. பி.என்.எஸ்.எஸ். 497, 503 பிரிவுகளில், கைப்பற்றின பொருளை வழக்கு முடியும் முன்னாடியே ஒப்படைக்க கோர்ட் உத்தரவு போடலாம். ஆபீஸ் லேப்டாப்னா கம்பெனியோட அசெட் லெட்டர் வேணும். அந்த மனுவுக்கும் மகஜர் காப்பி தேவைப்படும், அதனால் அதை முதலில் வாங்குங்க.

காலம் பற்றி ஒன்று. ரூம்மேட்டை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னா, அங்கே சி.சி.டி.வி. இருக்கணும். பதிவைக் குறைந்தது ஒரு வருஷமாவது வெச்சிருக்கிற வசதி வேணும்னு 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. லாக் ரொட்டேஷன் எங்கே எப்போ ஓடும்னு நமக்குத் தெரியாது. அந்த ஃபுட்டேஜைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி ஒரு கடிதத்தை இன்றைக்கே கொடுத்துட்டு, மத்த மனுவை நிதானமா எழுதுங்க.

ஆர்.டி.ஐ.க்கு 30 நாளில் பதில் வரலைன்னாலும், வந்த பதில் பிடிக்கலைன்னாலும், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் இருக்கிற மேல் அதிகாரிகிட்ட முதல் மேல்முறையீடு. அதுக்கு ஃபீஸ் கிடையாது. அதுவும் சரி வரலைன்னா 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே வரிசை நீளம், பொறுமை வேணும்.

கடைசியா, சோதனைக்கு ஆளாகாதவங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கு. அடுத்தவங்க வீட்டுச் சோதனைப் பதிவை நீங்க கேட்டா அந்தரங்கம்னு மறுப்பாங்க, அந்த மறுப்பு பெரும்பாலும் சரியும்கூட. ஆனா எண்ணிக்கை கேட்கலாம். ஒரு ஸ்டேஷனில் ஒரு வருஷத்தில் கோர்ட் வாரண்டோட எத்தனை சோதனை, 185இன் கீழ் எத்தனை, அதில் எத்தனைக்கு 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குக் காகிதம் போயிருக்கு, எத்தனைக்கு வீடியோ இருக்கு. யாரோட பேரும் வேண்டாம். அப்படி எண்ணிக்கை தொகுத்து வைக்கலைன்னு பதில் வரலாம். அப்படி வந்தா, அனுப்புகைப் பதிவேட்டை நேரில் வந்து பார்க்கிறேன்னு கேட்க 2(ஜே) பிரிவில் இடம் இருக்கு.

நான் என் ஏரியா ஸ்டேஷனுக்கு இந்த நாலு கேள்வியையும் போட்டிருக்கேன். ஒப்புகை வந்தாச்சு, 30 நாள் முடிய இன்னும் 11 நாள் இருக்கு. என்ன பதில் வந்தாலும் அடுத்த எபிசோடில் அப்படியே படிச்சுக் காட்டறேன்.